கல்குவாரி விபத்துகள்: பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் பதில்கள்

எந்த விபத்து நடந்தாலும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றே செய்தி வருகிறதே, சரியா? (மாணவி, திருச்சி)

எனக்கு அதில் உடன்பாடில்லை. கவனம் சிதறாத ஆள் எந்த வேலையிலும் கிடையாது. தலைக்கு மேல் தளர்ந்த பாறையை விட்டுவைத்தது யார் என்பதுதான் முதல் கேள்வி. 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள். 4 பேர் இறந்தார்கள். கீழே நின்றவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் சரிகிற பாறைக்கு எங்கே ஓடுவார்?

எங்க குவாரியில படியே இல்ல சார், நேர் சுவருதான். எவ்வளவு உயரம் இருக்கலாம்? (கம்ப்ரசர் ஆபரேட்டர், கரூர்)

குவாரிச் சுவரைப் படிக்கட்டு போல வெட்டி இறக்க வேண்டும். கெட்டிப் பாறையிலும் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. படி விட்டால் அதன் அடியில் உள்ள கல்லை எடுக்க முடியாமல் போகும். குத்தகை நிலமோ சின்னது. அதனால் எல்லை வரை செங்குத்தாக இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் தளர்ந்த கல்லைத் தட்டிவிட ஆள் நிற்கவே இடம் இருக்காது. மழை பெய்தால் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, பாறையை வெளியே தள்ளும்.

மேல் விளிம்பில் விரிசல் தெரிகிறதா? இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, தினமும் காலையில் இடைவெளியை அளந்து பாருங்கள். கூடினால் அந்தச் சுவருக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. மேஸ்திரி திட்டினால் திட்டட்டும்.

பாறையில் வெடி வைத்து வெடித்த குழியின் மிச்சத்திலேயே திரும்பத் துளை போடச் சொல்கிறார்கள். நேரம் மிச்சமாம். (பெயர் வேண்டாம்)

போடாதீர்கள். அடியில் வெடிக்காத மருந்து இருந்தால், துளைக்கும் கம்பி பட்டதுமே வெடிக்கும். வெடிக்காமல் போன குழி என்றால், குறைந்தது 30 செ.மீ. தள்ளி, அதற்கு இணையாகப் புதுக்குழி போட வேண்டும். எடுத்த கல்லுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் இடத்தில் இந்த அவசரம் வரத்தான் செய்யும்.

டிப்பர் பின்னால் வரும்போது கிளீனர் எங்கே நிற்பது?

ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில். தெரியவில்லையா, வண்டி நகரக் கூடாது.

கோலார் தங்கவயலில் பாறை தானாக வெடிக்கும் என்பார் தாத்தா. மருந்தே இல்லாமலா? (சென்னை)

ஆமாம். அங்கே 3 கி.மீ. ஆழம் வரை போனார்கள். அத்தனை பாறையின் எடையும் அழுத்தும்போது, தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை திடீரென்று சிதறும். 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை இந்த ஆபத்து தீரவில்லை. நம் குவாரிச் சுவர் சரிவதோ வேறு சங்கதி. படி வெட்டினாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம்.