கணிதம் படித்த பெண்ணுக்கு நோய்ப்பரவலில் என்ன வேலை?

தேவகோட்டை ஆச்சிக்கு வணக்கம்.

மகள் பி.எஸ்சி. கணிதம் இறுதி ஆண்டு. பி.எட். முடித்தால் பள்ளிக்கூட வேலை, இல்லாவிட்டால் பேங்க் பரீட்சை என்று நீங்கள் நினைத்திருக்க, தொற்றுநோய் ஊர்விட்டு ஊர் எப்படிப் போகிறது என்று கணிதத்தால் கணிக்கும் துறைக்குப் போகிறேன் என்கிறார். டாக்டருக்குப் படிக்காத பிள்ளைக்கு நோயோடு என்ன வேலை, நாளைக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடுக்காதீர்கள். ஆனால் கணிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு போகவும் விடாதீர்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். இந்தத் துறைக்கு அடித்தளமான கட்டுரையை 1927-இல் எழுதியவர்கள் இருவர். மெக்கென்ட்ரிக், இந்தியாவில் பணியாற்றிய டாக்டர். கெர்மாக், உயிர்வேதியியல் ஆய்வாளர், மருத்துவர் அல்ல. தங்கள் சமன்பாடு சரியாக வருகிறதா என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது, 1905-06-இல் பம்பாயில் பிளேக்கில் இறந்தவர்களின் வாரக் கணக்கோடு. ஆக, டாக்டரும் டாக்டர் அல்லாதவரும் சேர்ந்து செய்கிற வேலை இது, ஆரம்பத்திலிருந்தே.

பேரேடு பார்த்துப் பழகிய வீட்டில் இதை விளக்குவது எளிது. ஊர் மக்களை மூன்று கணக்கில் எழுதுகிறார்கள்: இனிமேல் தொற்றக்கூடியவர், இப்போது தொற்று உள்ளவர், குணமாகியோ இறந்தோ விலகியவர். ஒரு கணக்கில் குறைந்தது அடுத்ததில் ஏற வேண்டும். எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதைச் சொல்வதுதான் சமன்பாடு. நோய் பல ஊர்களுக்குப் பரவுவதைக் கணிக்க, ஊருக்கு ஒரு பேரேடு போட்டு, ஊர்களுக்கு நடுவே ஆட்கள் போய்வருவதையும் பதிவு செய்ய வேண்டும். பெரிய ஊர்களுக்கு நடுவே போக்குவரத்து அதிகம், தூரம் கூடக்கூடக் குறைவு என்று தொடங்குவார்கள். தடுப்பூசிக்கு முந்தைய இங்கிலாந்தில் தட்டம்மை அப்படித்தான் பரவியது. ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத்தில் அது அறாமல் தங்கியது. சிறிய ஊரில் அணைந்துபோய், பெரிய நகரத்திலிருந்து மறுபடி வந்து சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் காரைக்குடியின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. அந்தக் கணக்கின்படி அணைந்து அணைந்து எரிகிற ஊர்தான் இது.

ஆனால் தூரமும் மக்கள்தொகையும் மட்டும் போதாது. தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தை எந்தச் சூத்திரமும் தானாகச் சொல்லாது. உங்கள் மகளுக்கு இருக்கும் பலம் இங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு டெங்குவைக் கொண்டுவருவது கொசு அல்ல, பஸ்ஸில் வரும் மனிதர். வந்தபிறகு தெருவுக்குள் பரப்புவது கொசு. ஆகவே தெருவுக்கு ஒரு கணக்கு, ஊர்களுக்கு இடையே இன்னொரு கணக்கு. சரி, நம் தெருக்கள் எப்படி இருக்கின்றன? வருடத்தில் பாதி நாளுக்கு மேல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். முற்றத்தில் மழைத்தண்ணீர், மூடாத தொட்டி, பின்கட்டில் கவிழ்த்து வைக்காத அண்டா. அந்த அண்டா காய்ந்திருந்தாலும் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் டி.பி.சி. ஊழியரால் பூட்டிய கதவைத் தாண்டிப் போக முடியாது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைத் திறக்கும்போது சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, சிங்கப்பூர் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள், சில நாளில் கலைந்துபோவார்கள். டெல்லியில் உட்கார்ந்து கணிப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, சம்பளம். இங்கே மழுப்ப மாட்டேன். நிரந்தர வேலைகள் குறைவு. சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரியில் கொசு போன்ற நோய்பரப்பிகளை ஆராயும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் தொடக்கம் பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலைதான்; ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். புதுச்சேரி மையத்தின் தரவுகளை வைத்து யானைக்கால் நோய்க்கு உருவான கணித மாதிரி உலக அளவில் பேசப்பட்டது, ஆகவே இடம் சின்னது என்று நினைக்க வேண்டாம். ஆராய்ச்சியில் நிலைக்க பிஎச்.டி. வேண்டும். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. படிப்புக்காக நீங்கள் கடன் வாங்க வேண்டி வராது. அப்புறம் ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும், இதே புள்ளியியலும் கணினி நிரலும் மருந்துச் சோதனை நிறுவனங்களிலும் காப்பீட்டிலும் சோறு போடும்.

அதனால்தான் கணிதம் மட்டும் போதாது என்றேன். எம்.எஸ்சி. கணிதம் மட்டும் படித்தவரைவிடப் புள்ளியியலும் பைத்தானோ ஆர் மொழியோ தெரிந்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதத்தோடு கணிதப் புள்ளியியல் தாளையும் சேர்த்து எழுதட்டும். இரண்டு தாள் எழுத அனுமதி உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியலையும் விசாரியுங்கள். பிஎச்.டி. சமயத்தில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் கணிப்பு உயிரியல் (கம்ப்யூட்டேஷனல் பயாலஜி) பிரிவைப் பார்க்கலாம். வெளியூர் போக முடியாத நிலை என்றால் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்து, நிரலைத் தனியாகக் கற்கட்டும். அதையும் குறைவாக நினைக்க மாட்டேன்.

பி.எட். ஆசையை நீங்கள் விட வேண்டியதில்லை. எம்.எஸ்சி. முடித்தபிறகும் படிக்கலாம்; முதுகலை ஆசிரியர் பணிக்கு இரண்டும்தான் கேட்கிறார்கள். எம்.எஸ்சி. முடியும் வரைக்கும் இந்தப் பேச்சை ஒத்திவையுங்கள்.

இந்த விடுமுறையில் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை, புதுக்கோட்டை: இந்த ஐந்து ஊரின் மக்கள்தொகையையும் தூரத்தையும் எடுத்து, காரைக்குடியில் ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்ற நான்கும் எந்த வரிசையில் பாதிக்கப்படும் என்று கணினியில் போட்டுப் பார்க்கட்டும். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எந்த ஊருக்கு எத்தனை பஸ் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தூரத்துக்குப் பதிலாகப் போடட்டும். வரிசை மாறுகிறதா, ஏன் மாறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு அடுத்த மாதம் என்னிடம் வரச் சொல்லுங்கள். ஜாம் விண்ணப்ப வேலையை அன்றைக்கே சேர்ந்து பார்த்துவிடலாம்.