உடற்பயிற்சி ஏன் பாதியில் நிற்கிறது? கேள்வி பதில்

கேள்வி: எடை குறைக்க ஜிம்மில் சேருவேன், ஒரு மாதம்கூடத் தாங்காது. இது மூன்றாவது முறை. நான் சோம்பேறியா?

பதில்: சோம்பேறி மூன்று முறை போய்ச் சேருவாரா? உங்களை ஜிம்முக்கு அனுப்புவது எடை எந்திரம் காட்டும் எண். அது இறங்காத வாரம் காலும் நகராது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான். நாமே விரும்பித் தேர்ந்தெடுத்தது, 'என்னால் முடிகிறது' என்ற உணர்வு, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல், இந்த மூன்றும் இருந்தால் யாரும் விரட்டாமலே தொடர்வோம். எந்திரத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். நீச்சலோ நடனமோ, செய்யும்போதே பிடிக்கிற ஒன்றைத் தேடுங்கள்.

அப்புறம் வேகம். புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் முதல் நாளே மூச்சு முட்ட ஓடுகிறார்கள். பேச முடியாத வேகத்துக்குப் போனால் பெரும்பாலோருக்கு அது இனிக்காது, மறுநாள் கிளம்பவே மனசு வராது. பேசிக்கொண்டே செய்யும் வேகத்தில் தொடங்குங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம். குழுவில் சேர்ந்தால்தான் தொடரும் என்கிறார்களே?

பதில்: கட்டாயம் இல்லை. தனியாக நடப்பது பிடித்தால் தனியாகவே நடங்கள்.

கேள்வி: ஒரு நாள் தவறினாலே எல்லாம் போச்சு என்று விட்டுவிடுகிறேன்.

பதில்: லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவாந்தரம் 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகக் குலைக்கவில்லை. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலர் சொல்லும் கணக்கை நம்பி மனம் நொந்துபோகாதீர்கள்.

கேள்வி: எதிலும் ஒழுங்கு இல்லாத ஆள் நான். இது பிறவிக் குணம். எனக்கு வாய்க்குமா?

பதில்: ஒழுங்கும் பொறுப்பும் மிகுந்தவர்கள் கூடுதலாக உடற்பயிற்சி செய்கிறார்கள் என்பது உண்மை. சரி, அவர்கள் செய்கிற ஒரு வேலையை நீங்களும் செய்யலாம், முன்கூட்டித் திட்டமிடுவது. 2002-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதிவைத்தவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். அதன் நன்மைகளைப் படித்ததோடு நின்றவர்களில் செய்தது 35 சதவீதம்தான். ஒரு தாளை எடுத்து நாளைக்கான நேரத்தையும் இடத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள்.