இலவசப் படிப்பு போதாதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

இருபது வருடமாகக் கொலம்பஸில் இருக்கிறேன். எம்.எஸ். படித்தது டொலீடோவில், ஆர்.ஏ., அதாவது ஆராய்ச்சி உதவியாளர் வேலை பார்த்துக்கொண்டே. காலேஜ் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) ஆடும் பையன்களுக்கு இப்போது கல்லூரியே பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. டொலீடோ மாதிரி சின்னக் கல்லூரி தேடிப்பிடித்து வளர்க்கும் பையனை, பெரிய கல்லூரி அடுத்த வருடமே காசு காட்டி அள்ளிக்கொண்டு போகிறது. இனி போட்டி என்று ஒன்று இருக்குமா? இலவசப் படிப்பு போதாதா? பதினெட்டு வயதில் கையில் இவ்வளவு பணம் வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? என் மகள் பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறாள். கல்லூரி அணியில் அவளுக்கு இடம் கிடைக்குமா என்ற கவலையும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

ஒரு வாரமாக முழங்கால் வலிக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பையை முழங்காலில் வைத்ததும் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பையன் நினைவுக்கு வந்துவிடுகிறான். அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பணம் வந்தால் கெட்டுப்போவார்களா என்கிறீர்கள். சிலர் கெட்டுப்போவார்கள், சிலர் அம்மாவுக்கு வீட்டு வாடகை கட்டுவார்கள். அது அவரவர் வீட்டுக் கவலை, விடுங்கள்.

ஆனால் ‘இலவசப் படிப்பு போதாதா’ என்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் ஆர்.ஏ., நான் டி.ஏ., அதாவது பாட உதவியாளன். இருவருக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் மாதாமாதம் ஸ்டைப்பெண்டும் வாங்கினோம். மிச்சம் பிடித்து ஊருக்கும் அனுப்பினோம். ஒரு பல்கலைக்கழகம் இன்னொன்றைவிட ஆயிரம் டாலர் கூடக் கொடுத்தால் அங்கேதான் சேர்ந்தோம். படிப்புதான் இலவசமாயிற்றே, சம்பளம் எதற்கு என்று நம்மை ஒருவராவது கேட்டாரா? அதனால் பல்கலைக்கழகங்களுக்குள் போட்டி செத்துவிட்டது என்று யாராவது அழுதார்களா? வீட்டுப்பாடம் திருத்திய எனக்குக் கூலி நியாயம், ஸ்டேடியம் நிறைய ஆட்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த பையனுக்குக் கூலி கேடா? உங்களிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை, தம்பி.

அந்தப் பையன் என் அல்ஜீப்ரா வகுப்பில் இருந்தான். சனிக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை சந்தேகம் கேட்க வருவான். முழங்காலில் ஐஸ் பையை வைத்து பிளாஸ்டிக் சுருளால் சுற்றியிருப்பான். அது உருகி என் அறைத் தரையில் சொட்டும். அவன் எண் போட்ட ஜெர்சி கல்லூரிக் கடையில் தொங்கியது. எண் மட்டும்தான், பெயர் இருக்காது. படிப்பு நடக்கும் மாதங்களில் வெளியே வேலைக்குப் போகவும் அவனைப் போன்றவர்களுக்கு அப்போது தடை. ஒருநாள் நான் டப்பாவைத் திறந்தபோது புளியோதரை வாசனைக்குத் திரும்பிப் பார்த்தான். பாதியைக் காகிதத் தட்டில் வைத்து நீட்டினேன். கை வரவில்லை. “இதை நான் வாங்கலாமா?” என்று கேட்டான். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத எதையாவது வாங்கினால் ஆடத் தடை வரும் என்று அவனுக்கு அத்தனை பயம். அறையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். அதற்கப்புறம்தான் தட்டை வாங்கினான். நிலக்கடலையைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாப்பிட்டான்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2014ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டம் வென்றபோது அதன் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுத்திருக்கிறேன் என்று சொன்னார். அந்தத் தொடரின் டிவி உரிமை அப்போது 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டிருந்தது.

சரி, போட்டிக்கு வருகிறேன். சமநிலை கெட்டுவிடும் என்கிறீர்கள். அது எப்போது இருந்தது? வீரர்களுக்குச் சம்பளமே கூடாது என்றிருந்த காலத்தில்தான் பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமா பல்கலைக்கழக அணி 2009லிருந்து 2020க்குள் ஆறு பட்டங்கள் வாங்கியது. பையன் கையில் கொடுக்கக் கூடாத பணம் வேறு வழியில் ஓடியது. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017ல் 5.5 கோடி டாலர் செலவில் ஃபுட்பாலுக்கென்று ஒரு கட்டடம் திறந்தது. உள்ளே சறுக்குமரம், மினி கோல்ஃப், பௌலிங் எல்லாம் உண்டு. 2023ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம், பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. டொலீடோவால் இதில் எதைச் செய்ய முடிந்தது? பையன்கள் அப்போதும் பணம் இருக்கும் இடத்துக்குத்தான் போனார்கள், அந்தப் பணம் அவர்கள் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். கல்லூரி வீரர்களுக்குப் பங்கு கேட்டு நடந்த ஓபேனன் வழக்கில் 2014ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி கிளாடியா வில்கனும் இந்தச் சமநிலை வாதத்தை ஏற்கவில்லை.

மேடு பள்ளத்தைப் பெரிதாக்கியது டிவி. 1984 வரை ஃபுட்பால் ஒளிபரப்பு, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்தது. உச்ச நீதிமன்றம் அதை உடைத்த பிறகு, விலைபோகிறவர்கள் தனித்தனியாக விற்றுக்கொண்டார்கள். உங்கள் கொலம்பஸின் ஒஹாயோ ஸ்டேட் அணி இருக்கும் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பு கடைசியாகப் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். டொலீடோ பையன்கள் டிவியில் தெரிய வேண்டுமானால் நவம்பர் குளிரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆட வேண்டியிருக்கிறது. சமநிலையைக் கொஞ்சமாவது காத்தது ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வைத்த வரம்புதான். 1973ல் 105 என்று தொடங்கி, 1990களில் 85க்கு இறங்கியது. பெஞ்சில் உட்கார வைக்கவே பையன்களைச் சேர்த்துக் குவிக்கும் வழக்கம் அதனால்தான் குறைந்தது. தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் எல்லோருக்கும் சம்பளம் உண்டு. ஆனாலும் லட்சம் பேர் சொச்சம் வாழும் கிரீன் பே அணி அங்கே தலைநிமிர்ந்து நிற்கிறது. டிவி பணத்தைச் சமமாகப் பிரிக்கிறார்கள், 1994லிருந்து சம்பளத்துக்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள்.

போட்டி செத்தா போயிற்று? 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40–35 என்று வீழ்த்தியது நினைவிருக்கிறதா? நாற்பது வருடமாக அலபாமாவை அவர்கள் ஜெயித்ததே இல்லை. ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். அன்று ஆட்டத்தை நடத்திய டியாகோ பவியா, நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து இடம் மாறி வந்தவர்.

நியூ மெக்சிகோ ஸ்டேட்டுக்கு அதில் என்ன மிஞ்சியது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். உங்கள் வலியை நான் மறுக்கவில்லை. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி முதல் வருடம் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்குத் தரலாம். டொலீடோவுக்கு அது எட்டாது. ஐரோப்பாவில் ஒப்பந்தத்தில் இருக்கும் சாக்கர் வீரனைப் பெரிய கிளப் கொண்டுபோனால், சின்ன கிளப்புக்கு விலை கொடுத்துத்தான் கொண்டுபோகும். அதைக் கேளுங்கள், டிவி பணத்தைப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். பையன் கையில் இருப்பதைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்.

மகளை மறந்தே போனேன். உங்கள் கடிதத்தில் உண்மையான கவலை அது ஒன்றுதான், அதைப் போய்க் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். வீரர்களுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை ஃபுட்பாலே தின்றுவிடுகிறது. 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் தன் நீச்சல் அணியையே கலைத்துவிட்டது. இந்த உடன்பாட்டால் வரும் செலவையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. முன்வரிசைப் பெண்களுக்கு அதனால் உதவித்தொகை கூடலாம், ஓரத்தில் இருப்பவர்களுக்கு இடமே போகலாம். பயிற்சியாளரிடம் பேசும்போது எத்தனை இடம், அணியைத் தொடர்ந்து நடத்துவார்களா என்று நேராகக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அவளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். ஃப்ரீஸ்டைலா, பட்டர்ஃபிளையா? இவ்வளவு எழுதினீர்கள், அதை எழுதவில்லையே.