உள்வாங்கிய மூக்குக்கு எதை வைத்துச் சரிசெய்வது: விலாக் குருத்தெலும்பா, காதா, சிலிக்கானா?

அடிபட்டு உங்கள் மூக்கின் மேடு உள்வாங்கிவிட்டது. விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். சிலிக்கான் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். வயது 46, ஒரு பக்கம் மூச்சும் அடைக்கிறது, எதற்குச் சம்மதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதுதான் நடந்தது. கிரிக்கெட் பந்து பட்டு மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டியது. முதலில் பார்த்த இடத்தில் எலும்பு முறியவில்லை என்று சொல்லி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் மூக்கு உட்கார்ந்துவிட்டது. பிறகு விலாக் குருத்தெலும்பு வைத்துத்தான் நிமிர்த்தினார்கள். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

எதை வைப்பது என்று பேசுவதற்கு முன்னால், எது போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுச்சுவரில் இருக்கும் குருத்தெலும்புக்கென்று தனியாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்வுதான் அதற்கு ஊட்டம் தருகிறது. சவ்வுக்கும் அதற்கும் நடுவே ரத்தம் கட்டி நின்றால் சில நாட்களில் குருத்தெலும்பு செத்துப்போகும். சீழும் பிடித்தால் இன்னும் வேகமாகப் போகும். மூக்கின் கீழ்ப்பாதியைத் தாங்குவது அதுதான், கூடாரத்துக்கு நடுக்கம்பு மாதிரி. நடுச்சுவர் வளைவைச் சரிசெய்யும் ஆபரேஷனில்கூட மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் குறைந்தது 1 செ.மீ. அகலத்துக்கு எல் வடிவில் குருத்தெலும்பை விட்டுவைப்பது இதற்காகத்தான்.

காயம் நன்றாக ஆறியிருந்தால் மூக்கின் நுனியை விரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் தாங்கும் பலம் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். நுனி உறுதியாக இருந்து மேட்டில் மட்டும் பள்ளம் தெரிந்தால் அது வேறு பிரச்சினை, சின்னப் பிரச்சினை. டாக்டர் உள்ளேயும் பார்த்துத்தான் உறுதி சொல்வார்.

சின்னப் பள்ளத்துக்கு நடுச்சுவரில் மிச்சம் இருப்பதையோ காதுக் குருத்தெலும்பையோ வைத்தாலே போதும். காதின் குழிவான பகுதியிலிருந்து எடுப்பார்கள், காதின் வடிவம் பெரிதாக மாறாது. ஆனால் அது மெத்தென்று வளைந்திருக்கும், பாரம் தாங்காது. குருத்தெலும்பை 1 மி.மீ.க்கும் குறைவாகப் பொடியாக நறுக்கி உறைபோலச் சுற்றி வைக்கும் முறையும் உண்டு. துருக்கியைச் சேர்ந்த டாக்டர் எரோல் 2000இல் இதை ஒரு செயற்கைத் துணியில் சுற்றி வைத்துக் காட்டினார். 2004இல் டேனியல், கால்வர்ட் என்ற இரண்டு டாக்டர்கள் அந்தத் துணிக்குப் பதிலாக, நெற்றிப்பொட்டுத் தசை மேல் இருக்கும் சவ்வில் சுற்றுவதே நல்லது என்று எழுதினார்கள். மேடு வழவழப்பாக வரும், வளையாது. ஆனால் இதுவும் நிரப்பத்தான் உதவும், தாங்காது.

தாங்க வேண்டுமென்றால் விலாதான். பெரும்பாலும் 6 அல்லது 7ஆம் விலாவிலிருந்து எடுப்பார்கள். கெட்டியாகவும், தேவையான அளவுக்கும் கிடைக்கும். நடுச்சுவரின் மேல்விளிம்பில் இரண்டு பக்கமும் பட்டையாகச் செருகி மூச்சுப்பாதையையும் விரித்துவிடலாம். ஷீன் என்ற டாக்டர் 1984இல் விவரித்த இந்தப் பட்டைகள்தான் என் மூச்சைத் திருப்பிக் கொடுத்தவை. அழகைவிட எனக்கு அதுதான் பெரிது.

அதன் கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் கஷ்டம் வலி. மூக்கு அவ்வளவாக வலிக்கவில்லை, இருமும்போதும் புரண்டு படுக்கும்போதும் நெஞ்சுதான் வலித்தது. நுரையீரலின் உறை கிழிந்து காற்று புகும் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இரண்டாவது, வைத்தது நாளாக நாளாக வளையலாம். விலாக் குருத்தெலும்பின் வெளி அடுக்குகள் ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் சமமாகச் செதுக்கினால் இழுப்பு சமன்படும் என்று கிப்சன், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1958இலேயே காட்டிவிட்டார்கள். செதுக்கிய துண்டைக் கொஞ்ச நேரம் உப்புநீரில் போட்டு, வளைகிறதா என்று பார்த்துவிட்டு வைக்கும் டாக்டர்களும் உண்டு. 'வளையாமல் இருக்க என்ன செய்வீர்கள்?' என்று உங்கள் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

சிலிக்கானை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. கொரியா போன்ற கிழக்காசிய நாடுகளில் மேட்டை உயர்த்த நிறைய வைக்கிறார்கள், எடுப்பதும் சுலபம். ஆனால் அது உடம்போடு ஒட்டி வளராது. தோல் மெலிந்த இடத்தில் வருடங்கள் கழித்தும் வெளியே துருத்தலாம், சீழ் வைக்கலாம். தாங்க ஆளில்லாத, உள்சவ்வும் அடிபட்ட மூக்கில் அதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூச்சடைப்பையும் அது தீர்க்காது.

வெளியே வெட்டித் திறக்கும் ஓப்பனா, உள்ளேயே வெட்டும் க்ளோஸ்டா என்ற கேள்விக்கு அதிகம் அலைய வேண்டாம். இவ்வளவு வேலை இருக்கும்போது, இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவில் சின்னதாக வெட்டித் திறந்து செய்வார்கள். தழும்பு பெரும்பாலும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நுனியில் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். புகை பிடிப்பவர் என்றால் முன்பே நிறுத்திவிடுங்கள், காயம் ஆறுவதை அது கெடுக்கும்.

அப்புறம் உங்கள் வயது. வயது ஏற ஏற விலாக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படியும், செதுக்கும்போது நொறுங்கும். 46 என்றால் தேதி குறிக்கும் முன்பே நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். எந்த விலா இன்னும் மென்மையாக இருக்கிறது என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும்.