கைக்குழந்தைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாமா?

ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்குச் சொல் எழுதிய அட்டை காட்டி வாசிக்கப் பழக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பேன். ஒன்றரை, இரண்டு வயதில் 'பந்து' அட்டையைப் பார்த்து அது பந்து என்று சொன்னாலும் அது வாசிப்பு இல்லை, அந்தச் சொல்லையே ஒரு படம் மாதிரி நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து 'பந்தல்' என்று எழுதிக் காட்டுங்கள், முழிக்கும்.

2014இல் வெளியான நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 9 முதல் 18 மாதக் குழந்தைகள் 117 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் டிவிடி, அட்டை எல்லாம் கொடுத்து 7 மாதம் பார்த்தார்கள். ஒரு குழந்தையும் வாசிக்கவில்லை. பெற்றோர்கள்தான் பலன் இருக்கிறது என்று நம்பினார்கள்.

அதற்குப் பதிலாக மடியில் வைத்துப் படித்துக் காட்டுங்கள். புத்தகத்தைக் கடிக்கும், தலைகீழாகப் பிடிக்கும், நாலு பக்கம் தாண்டிப் போய் நாய் படத்தில் விரலை வைக்கும், நீங்களும் கதையை விட்டுவிட்டு 'ஆமா, நாய், வாலை ஆட்டுது பார்' என்று அதன் பின்னாலேயே போங்கள். பேச்சும் சொல்வளமும் அப்படித்தான் வரும். வாசிப்புக்கு அவசரமே இல்லை, பின்லாந்தில் பள்ளிப்படிப்பே 7 வயதில்தான் தொடங்குகிறது.

மூன்று வயதில் தானாகவே எழுத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால்? சரி, தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள், அது வேறு விஷயம்.