வாசகர் கேள்வி-பதில்: லண்டன் நாடாளுமன்றத்துக்குள் ஒரு நடை

கேள்வி: ஜூன் மாதம் நானும் கணவரும் ரெடிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். லண்டன் நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்க ஆளுக்கு டிக்கெட் என்று மகள் விலையைச் சொன்னதும், 'வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்' என்கிறார் இவர். காசு கொடுக்காமல் உள்ளே போக வழியே இல்லையா?
- வாசகி, திருச்சி

பதில்: இருக்கிறது. சொல்லப்போனால் காசில்லாத வழிதான் நல்ல வழி. நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள் வெளியாட்கள் போவது இரண்டு விதம், பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். ஒன்று டிக்கெட் வாங்கி, காதில் ஆடியோ கருவியோடோ வழிகாட்டியோடோ அறை அறையாகப் பார்ப்பது. இது பெரும்பாலும் சனிக்கிழமைகளிலும் அவை கூடாத விடுமுறை நாட்களிலும்தான். இன்னொன்று, அவை நடக்கும்போதே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதம் கேட்பது. இதற்கு ஒரு பென்னி கூடக் கிடையாது, எந்த நாட்டுக்காரரும் போகலாம், க்ராம்வெல் க்ரீன் வாசலில் வரிசையில் நின்றால் போதும். விமான நிலையத்தில் போல பையும் உடம்பும் சோதனை ஆகும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மாடத்துக்குப் போகிற வழியே வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், செயின்ட் ஸ்டீபன் ஹால், நடுக்கூடம் என்று போகிறது, அதாவது டிக்கெட் வாங்கியவர்கள் பார்ப்பதில் முக்கால்வாசி முக்கியமானதை நீங்கள் சும்மாவே பார்த்துவிடுகிறீர்கள். பிரபுக்கள் அவையின் தங்க முலாம் சிம்மாசனத்தை மட்டும் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது, மேலே மாடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். பரவாயில்லை.

மக்களவை திங்கள் மதியம் 2.30-க்கும், செவ்வாய், புதன் காலை 11.30-க்கும், வியாழன் 9.30-க்கும் கூடும். வெள்ளி சில வாரங்களில் மட்டும். தொடக்கத்தில் கூட்டம் இருக்கும், போகப் போகக் குறையும். திங்கட்கிழமை இரவு பத்தரை வரைகூட நடப்பதால் சாயங்காலம் போனாலும் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மே கடைசியில் ஒரு சின்ன விடுமுறை வரும், ஜூலை பின்பாதியில் தொடங்கும் கோடை விடுமுறை செப்டம்பர் தொடக்கம் வரை போகும். ஜூனில் முதல் சில நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கிளம்பும் முன் அன்றைக்கு அவை உண்டா என்று நாடாளுமன்ற இணையதளத்தில் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கணவரிடம் இலவசம் என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: புதன்கிழமை பிரதமரைக் கேள்வி கேட்டுக் கிழிப்பார்களே, அதை நேரில் பார்த்தே ஆகவேண்டும். டிக்கெட் எப்படி வாங்குவது?
- வாசகர், சென்னை

பதில்: உங்களால் வாங்க முடியாது. புதன் நண்பகல் 12 மணிக்கு நடக்கும் அந்த அரைமணி நேரத்துக்கு முன்கூட்டியே சீட்டு கிடைப்பது பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு மட்டும், அதுவும் அவர்கள் தொகுதி எம்.பி. மூலமாக. வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று பார்க்கலாம், சீட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு இடம் மிஞ்சினால் உண்டு. பெரும்பாலும் மிஞ்சாது.

என்னைக் கேட்டால் விட்டுவிடுங்கள் என்பேன். அது டிவிக்காகவே நடப்பது மாதிரி ஆகிவிட்டது, டிவியில் பார்த்தால் முகமும் தெரியும், முணுமுணுப்பும் கேட்கும். மாடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலைகள்தான் தெரியும். அதற்குப் பதில் தெரிவுக்குழு (ஒரு துறையை ஆராயும் எம்.பி.க்கள் குழு) விசாரணை ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். அதுவும் பொதுமக்களுக்குத் திறந்ததுதான், சின்ன அறை, குதிரைலாட வடிவ மேசை, நாலைந்து அடி தூரத்தில் ஒரு அமைச்சரோ பெரிய கம்பெனித் தலைவரோ உட்கார்ந்து பதில் சொல்லத் திணறுவதைப் பார்க்கலாம். ஆனால் சுற்றுலா வருபவர்களில் இதைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

புதன் காலை வேறொரு வேடிக்கையும் உண்டு. அவை கூடுவதற்குச் சில நிமிடம் முன்பு, செங்கோல் முன்னே வர சபாநாயகர் நடுக்கூடம் வழியாக ஊர்வலமாகப் போவார். அங்கே நிற்கும் போலீஸ் அதிகாரி 'தொப்பியைக் கழற்றுங்கள், அந்நியர்களே' என்று குரல் கொடுப்பார். அந்நியர் என்றால் நாமும்தான், பிரிட்டிஷ்காரரும்தான். உறுப்பினர் அல்லாத எல்லோரும் அங்கே அந்நியர்.

கேள்வி: டிவியில் காட்டும்போது பாதி நேரம் பச்சை பெஞ்சுகள் காலியாகவே கிடக்கின்றன. எம்.பி.க்கள் வேலைக்கே வருவதில்லையா?
- வாசகர், சேலம்

பதில்: வருகிறார்கள், குழு அறைகளிலும் அலுவலகத்திலும் இருக்கிறார்கள். வாக்கெடுப்பு மணி அடித்தால் ஓடி வருவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள், எல்லோரும் வந்தால் உட்கார இடமே கிடையாது. உறுப்பினர்கள் 650 பேர், இருக்கைகள் 427. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டு விழுந்து மக்களவைக் கூடம் எரிந்துபோனது. திரும்பக் கட்டும்போது பெரிதாகக் கட்டியிருக்கலாம், சர்ச்சில்தான் கூடாது என்றார். பாதி காலியான பெரிய மண்டபத்தில் பேச்சு எடுபடாது என்பது அவர் வாதம். பழைய அளவிலேயே கட்டி 1950-இல் திறந்தார்கள். நேரில் பார்த்தால் 'இவ்வளவு சின்னதா!' என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

கேள்வி: வெள்ளைக்காரன் கட்டிய கட்டடத்தில் நமக்குப் பார்க்க என்ன இருக்கிறது? நம்மைக் கொள்ளையடித்த பணத்தில் கட்டியதைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா?
- வாசகர், கோவை

பதில்: காசு வேண்டாம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். கொள்ளையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்கும் சரியான இடம் அதுதான்.

செயின்ட் ஸ்டீபன் ஹாலில் நடக்கும்போது தரையைப் பாருங்கள், சபாநாயகர் நாற்காலியும் மேசையும் முன்பு இருந்த இடத்தைப் பித்தளைக் குமிழ்கள் பதித்துக் காட்டியிருப்பார்கள். 1834-இல் தீப்பிடித்து எரியும் வரை மக்களவை அந்த இடத்தில்தான் கூடியது. (தீக்குக் காரணம், பழைய மரக் கணக்குக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுப்பில் போட்டது.) அந்த இடத்தில் 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. பேசிய பேச்சு முழுக்க முழுக்க நம்மூரைப் பற்றியது. ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் கடன்! சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி வாழ்ந்த அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களே தனியாகக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள், வட்டிக்கு ஈடாக ஜில்லாக்களின் வரி வருமானத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடனில் எது நிஜம் எது பொய்க்கணக்கு என்று விசாரிக்காமலே கர்நாடக வருவாயிலிருந்து அடைக்கலாம் என்று பிரதமர் பிட்டின் அரசாங்கம் முடிவு செய்தபோது பர்க் எழுந்தார். மெட்ராஸில் பணம் பண்ணிய பால் பென்ஃபீல்டு என்பவர் அந்தக் காசில் தன்னையும் சேர்த்து எட்டு எம்.பி.க்களை உருவாக்கிவிட்டார் என்று அவையிலேயே பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார்.

அதே பேச்சில் ஏரிகளைப் பற்றியும் வருகிறது. கம்பெனிக்கு ஜாகிராக (வரி வருமானத்தை அனுபவிக்கக் கொடுத்த நிலமாக) வந்திருந்த செங்கல்பட்டுப் பகுதியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதில் மட்டுமே ஆயிரத்து நூறுக்கு மேல் ஏரிகளை எண்ணியதாகச் சொல்கிறார். இந்தியாவில் காலே வைக்காத மனிதர். ஹைதர் அலி படையெடுப்பில் பாழான மண்ணில், ஏரியைச் செப்பனிட வேண்டிய பணம் வட்டிக்காரனுக்குப் போகிறது என்பதுதான் அவருடைய ஆத்திரம். தீர்மானம் தோற்றுப்போனது. செங்கல்பட்டு ஏரிகளை இன்றைக்கு ரியல் எஸ்டேட்காரர்கள் எண்ணுகிறார்கள், அது வேறு கதை.

அப்புறம் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். 1097-இல் கட்டியது, மேலே உள்ள மரக்கூரை 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ரிச்சர்டு போட்டது, நடுவே ஒரு தூண் கிடையாது. அரசர் முதலாம் சார்லஸை விசாரித்துத் தலையை வாங்கத் தீர்ப்புச் சொன்ன இடம். அங்கேதான் 1788-இல், வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை தொடங்கியது, வழக்கை நடத்தியவர்களில் முதன்மையானவர் அதே பர்க். முதல் நாட்களில் நுழைவுச் சீட்டுக்கு லண்டனில் அவ்வளவு கிராக்கி, மகாராணி உட்பட சீமாட்டிகள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கு ஏழு வருஷம் இழுத்தது, பிரபலங்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள், 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலை. தண்டனை இல்லைதான். ஆனாலும் வங்காளத்தையும் காசி ராஜாவையும் அயோத்தி பேகம்களையும் பற்றி அந்தக் கூரைக்குக் கீழே வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள்.

செயின்ட் ஸ்டீபன் ஹால் சுவரில் ஒரு பெரிய ஓவியமும் பாருங்கள், ஜஹாங்கீரின் அஜ்மீர் தர்பாரில் ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ. 'பிரிட்டனைக் கட்டியெழுப்பிய' நிகழ்ச்சிகள் என்ற வரிசையில் அதையும் 1920-களில் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

கேள்வி: கனடாவில் இருக்கிறோம், பூர்வீகம் யாழ்ப்பாணம். அம்மா, அப்பாவோடு லண்டனுக்குப் போகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. பிக் பென் கோபுரத்தில் ஏற வேண்டும் என்று அவருக்கு ஆசை, லிஃப்ட் இருக்கிறதா?
- வாசகி, டொரொண்டோ

பதில்: பார்வையாளர்களுக்கு லிஃப்ட் இல்லை, 334 படிகள். அப்பாவை ஏற்றாதீர்கள். கோபுரத்துக்கு டிக்கெட்டும் தனி, மாதக்கணக்கில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். அரண்மனைக்குள் படியில்லாத வழி உண்டு, வாசலில் இருக்கும் ஊழியர்களிடம் முழங்காலைப் பற்றிச் சொன்னால் கூட்டிப் போவார்கள், சக்கர நாற்காலிக்கும் இடம் உண்டு. வேட்டி, சேலை எல்லாம் தாராளமாக உடுத்திப் போகலாம், அரசியல் வாசகம் எழுதிய டி-ஷர்ட் மட்டும் வேண்டாம். போட்டோ வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலிலும் செயின்ட் ஸ்டீபன் ஹாலிலும் எடுக்கலாம், மாடத்தில் கூடவே கூடாது.

அப்பாவுக்கு ஆறுதலாக ஒன்று சொல்லுங்கள். 1950-இல் மக்களவையைத் திறந்தபோது காமன்வெல்த் நாடுகள் ஆளுக்கொரு பரிசு கொடுத்தன. சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியா, மேசை கனடா, கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும், அவைக் காவலர் அமரும் நாற்காலி இலங்கை. இப்போது அந்த பச்சை பெஞ்சிலேயே 2024-இல் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் ஜெயித்த உமா குமரன் இருக்கிறார், ஈழத்துப் பெற்றோரின் மகள். வெளியே வந்ததும் எதிரே இருக்கும் சதுக்கத்திலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 2009-இல் நம் சனங்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த இடம் அது, உங்கள் வீட்டில் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: லண்டன் கிடக்கட்டும். டில்லியில் நம் நாடாளுமன்றத்தை ஒரு சாதாரண ஆள் பார்க்க முடியுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: முடியும், ஆனால் அங்கே வரிசையில் நின்று போகும் வழி கிடையாது. அவை நடக்கும்போது மாடத்துக்குப் போக உங்களை ஒரு எம்.பி. பரிந்துரைக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கு அடையாள அட்டை நகலோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போன், பை எதுவும் உள்ளே போகாது. பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி கடைசியில் தொடங்கும், மழைக்காலத் தொடர் ஜூலை வாக்கில், குளிர்காலத் தொடர் நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில். 2023 மே 28-இல் திறந்த புதுக் கட்டடத்தில்தான் இப்போது கூடுகிறார்கள், மக்களவையில் மட்டும் 888 இருக்கைகள். சபாநாயகர் நாற்காலி பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் செங்கோல் இருக்கும், 1947-இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவிடம் கொடுத்தது, அதைத் தேடிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 13-இல் இரண்டு பேர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்துப் புகைக்குப்பி அடித்தார்களே, அதற்குப் பிறகு கெடுபிடி ரொம்ப அதிகம். லண்டனிலும் 2004 மே மாதம் டோனி பிளேர் மீது ஊதா மாவுப் பொட்டலம் எறிந்தார்கள். இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்: எறிந்தவர்கள் பொது வரிசையில் வந்தவர்கள் இல்லை, பிரபுக்களின் விருந்தினருக்கென்று கண்ணாடிக்கு முன்னால் ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். டில்லியில் குதித்தவர்களும் எம்.பி. பரிந்துரைத்த பாஸில்தான் வந்தார்கள். பரிந்துரை என்பது பாதுகாப்பு ஆகிவிடாது. அங்கே மாதிரி இங்கேயும் ஒரு வரிசை, ஒரு நல்ல சோதனை, கண்ணாடித் தடுப்பு என்று வைத்தால் விருதுநகர்க்காரர் யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் போய்வரலாம். அதுவரை, எம்.பி. அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினால் நகல் வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை போன் போட்டு நினைவுபடுத்துங்கள், பாஸ் கைக்கு வரும் வரை ரயில் டிக்கெட் போடாதீர்கள்.