மெயிலில் ‘ப்ளீஸ் அக்னாலெட்ஜ்’ என்று வந்தால் என்ன பதில் போடுவது? அக்னாலெட்ஜ் என்றால் ஒப்புக்கொள்வதா?

புது வேலை, மேலதிகாரியிடமிருந்து மெயில், கடைசி வரியில் இந்தச் சொல். பக்கத்து சீட்டில் கேட்டால் சிரிப்பார்களோ என்று இங்கே வந்து கேட்கிறீர்கள். அப்படித்தான் இருக்கும். நல்ல காரியம் செய்தீர்கள். நான் யாரையும் கேட்காமல் எழுதிக்கொடுத்து, நாலு மாதச் சம்பளத்தில் பிடித்தம் வாங்கினவன்.

முதலில் பதில்: ‘உங்கள் மெயில் கிடைத்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டால் போதும். அதில் உள்ளதெல்லாம் சரி என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

1994. மும்பை மஸ்ஜித் பந்தரில் ஒரு பேரிங் வியாபாரியின் கோடவுனில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். திருநெல்வேலியிலிருந்து வந்து ஏழு வருஷம், தாராவியில் சித்தப்பா வீட்டில் ஜாகை. ஸ்டாக் எடுத்ததில் பதினாலு பெட்டி குறைந்தது. சேட் ஒரு மெமோ டைப் அடித்து அனுப்பினார். அடியில் அக்னாலெட்ஜ் செய்யவும் என்று இருந்தது. என்னிடமிருந்த கையகராதியில் ‘ஒப்புக்கொள்’ என்று போட்டிருந்தது. மரியாதையாக இருக்கட்டுமே என்று ‘அக்னாலெட்ஜ்டு அண்ட் அக்செப்டட்’ என எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று அர்த்தமாகும் அந்த இரண்டாவது சொல்தான் வினை. சம்பளத்தில் பிடித்தபோது சண்டைக்குப் போனேன். சேட் காகிதத்தை எடுத்து நீட்டி, ‘தூனே ஹீ தோ லிக்கா ஹை’ என்றார். நான்தானே எழுதிக்கொடுத்தேன், என்ன பேச?

இதில் கேவலம் என்னவென்றால், தினமும் லாரி சரக்கு வந்தால் சலானில் ‘எண்ணிப் பார்த்தபின்’ என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். சரக்குக்கு இருந்த உஷார் காகிதத்துக்கு இல்லை.

தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. பதிவுத் தபாலோடு வந்த ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டால் தபால் வந்து சேர்ந்தது என்றுதான் அர்த்தம். ஓட்டு இயந்திரத்தில் ஏழு வினாடி தெரியும் ஒப்புகைச் சீட்டும், உங்கள் ஓட்டு யாருக்குப் பதிவானது என்று காட்டுமே தவிர, நீங்கள் செய்தது சரி என்று சொல்லாது. ஆனால் அதே ஆங்கிலச் சொல் தப்பையோ கடனையோ சேர்த்து வந்தால் நிஜமாகவே ஒப்புக்கொள்வதுதான். 1963-ம் வருஷ லிமிடேஷன் சட்டம் 18-வது பிரிவைப் பாருங்கள்: வழக்குப் போடுவதற்கான கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓட ஆரம்பிக்கும். அதனால் எதை அக்னாலெட்ஜ் செய்யச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. ‘லெட்ஜ் இல்லைப்பா, லிஜ்’ என்று என் மகளே திருத்துவாள். ‘இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை கதையா’ என்று கீழே எழுத வருகிறவர்கள் தங்கள் சம்பளத்தில் நாலு மாதம் விட்டுக்கொடுத்துவிட்டு வந்து எழுதலாம்.

இப்போது சயான் கோலிவாடாவில் சொந்த வீடு. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து எட்டு மாதமாக எங்கள் கூடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. சொசைட்டி செக்ரட்டரிக்கு எட்டுக் கடிதம் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறேன். அவரும் விவரமான ஆள், ஒவ்வொன்றிலும் ‘ரிசீவ்டு, காண்டென்ட்ஸ் நாட் வெரிஃபைடு’ என்று எழுதித்தான் கொடுக்கிறார். வந்தது, உள்ளே இருப்பதைச் சரிபார்க்கவில்லை. மாடி ஏறி வந்து பார்த்தால் சரிபார்த்தாகிவிடுமே, வரமாட்டார். மெயின்டனன்ஸ் மட்டும் ஒருநாள் தாமதமானால் வாட்ஸாப் குழுவில் வீட்டு நம்பரோடு வந்துவிடும். நேற்று ஒன்பதாவது கடிதத்தோடு போனேன். ஸ்டாம்ப் பேடில் மை காய்ந்துவிட்டதாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.